இந்தக் கிழமை ஆர் எறியிறது?

கோசலை உள்ளே வந்தபோது தயானி கணவனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தாள். மேசையில் சோறு ஆறிக் கிடந்தது.

"என்ரை தம்பி வாய் பேசாமல் கிடக்கிறான். உனக்கு விளையாட்டுக் கேக்குதோ?"

"என்ரை விளையாட்டில்லை மச்சாள். அவரின்ரை."

வசந்தன் சன்னலோரம் சாய்ந்து கீழே ரூ பஜோல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கனடாவுக்கென்று புறப்பட்டுப் பாரிசோடு நின்றுபோனவன். போகக் கிடைக்காத நாட்டை பேஸ்போல் வழியாகப் பிடித்துக்கொண்டான்.

ரொறன்ரோ சொந்தக்காரர் எல்லாரும் சேர்ந்து போனில் ஆடும் போட்டி அது. ஆளுக்கொரு கற்பனை அணி. அணியில் இருப்பவர்கள் மட்டும் நிஜ ஆட்டக்காரர்கள். அவர்கள் அங்கே மைதானத்தில் நன்றாக ஆடினால் இங்கே புள்ளி ஏறும். கிழமைக்கு ஒரு சொந்தக்காரரோடு மோதல். திங்கள் பிறக்கும் முன் எந்தப் பந்து எறிபவர்களை இறக்குவது என்று முடிவெடுக்க வேண்டும்.

பக்கவாதம் வந்தபின் வசந்தன் எதையும் கேட்பதில்லை. சாப்பாடும் ஒப்புக்குத்தான். அணியைத் தயானி கையில் எடுத்தாள். ஒரு திங்கள் காலை, "இஞ்சாருங்கோ, வெண்டிட்டியள்" என்று காதுக்குள் சொன்னாள். அவன் சிரித்தான். அன்றைக்கு நடைப்பயிற்சி கொடுக்க வந்த தாதி ஜெர்மேனின் கையைப் பிடித்து எழும்பியும் நின்றான்.

தோற்ற கிழமை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்தான், ஜெர்மேன் எவ்வளவு கெஞ்சியும் கண் திறக்கவில்லை.

அதிலிருந்து தயானிக்கு வேறு நினைப்பில்லை. பாரிஸ் தூங்கும்போது கடலுக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத யாரோ ஒருவன் தன் புருசனுக்காகப் பந்து எறிகிறான் என்பதே அவளுக்குக் கனவு மாதிரி இருந்தது. தூங்கினால் அந்த மைதானம்தான் வந்தது. பச்சைப் பசேலென்ற வெளி, சுற்றிலும் விளக்குகள். நடுவில் வசந்தன் எதையும் பிடிக்காமல் நின்று, கையில் பந்தை உருட்டிப் பார்க்கிறான். எறிய அவனுக்கு அவசரமில்லை. அவளும் எறியச் சொல்லவில்லை. அவன் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, வாற கிழமை ஆரோடை?" என்று கேட்டாள் கோசலை.

"உங்கடை றொபின்சனோடை."

கலியாணம் கட்டி ரொறன்ரோ போன கோசலையின் மகன்.

"அவன் லேசிலை விடமாட்டான். ஆர் எறியிறது? வாசி பாப்பம் உன்ரை கெட்டித்தனத்தை."

தயானி ஒரு பெயரைக் காட்டினாள். "இவர்தான் எங்களிட்டை இருக்கிற திறமான ஆள். வாற கிழமை ரெண்டு தரம் எறிவார். எதிரிலை வாறதும் அடிக்கத் தெரியாத அணியள்தான்."

"பிறகென்ன?"

"அவரை இறக்கேல்லை மச்சாள்."

"ஏன்?"

தயானி சுவரில் தொங்கிய பலசரக்குக் கடைக் கலண்டரைப் பார்த்தாள்.

"ரெண்டு நாளும் மரணயோகம்."

கோசலையும் கலண்டரை எட்டிப் பார்த்தாள். "அங்கத்தை நாளோ, இஞ்சத்தை நாளோ?"

"எறியிறது அங்கை. கும்பிடுறது இஞ்சை. இஞ்சத்தை நாள்தானே பாக்கவேணும்? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொன்னபடி போட்டுத்தான் அண்டைக்குத் தோத்தது. நாள் பாக்கத் தொடங்கினாப் பிறகு ஒரு கிழமையும் தோக்கேல்லை."

"விசரி. புருசனுக்குச் சோத்தைத் தீத்தாமல் நட்சத்திரம் பாக்கிறாய். அடுத்தமுறை வரேக்கையும் இப்பிடி இருந்தாய் எண்டால் போனைப் பறிச்சுப்போடுவன்."

கதவை அடித்துச் சாத்திவிட்டு இறங்கினாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? தயானி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோற்றைச் சூடாக்க எழும்பினாள்.

கோசலைக்கு லா கூர்னெவில் இருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். ரயிலுக்கு நடந்தவள் தெருமுனையில் நின்று மகனுக்குப் போன் எடுத்தாள். ரொறன்ரோவில் இன்னும் காலைதான்.

"மகன், வாற கிழமை மாமாவோடை நீதான். அவள் அந்தத் திறமான ஆளை இறக்கேல்லை."

"ரெண்டு தரம் எறியிறவனை ஆரும் வெளியிலை இருத்துவினமோ? ஏனாம்?"

"நாள் சரியில்லையாம்."

றொபின்சன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"சித்தப்பாவுக்குச் சொன்ன மாதிரி, பெரியம்மாவுக்குச் சொன்ன மாதிரி, இப்ப எனக்கும் தோக்கச் சொல்லப் போறியள். அவையள் கடைசியிலை நிக்கிற ஆக்கள், விட்டுக்குடுக்கலாம். நான் முன்னுக்கு நிக்கிறன். இதிலை தோத்தால் இறுதிப்போட்டி இல்லை அம்மா."

"மாமா எழும்பி நிக்கிறார் எண்டு சொன்னனான் எல்லே."

மறுமுனையில் போன் திரையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சரி," என்றான் றொபின்சன். "என்னட்டை இருக்கிற திறமான ஆக்களை வெளியிலை இருத்திறன். ஆனா மாமி போட்டிருக்கிற ஆக்களைப் பாத்தால், நான் ஆரை இறக்கினாலும் வெண்டிடுவன் அம்மா."

"அப்ப ஒருத்தரையும் இறக்காதை," என்றாள் கோசலை.