செயலிப் பொருத்தம்

ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் கூடி வந்த பிறகுதான் மாப்பிள்ளையின் அம்மா சுகிர்தா அந்தக் கேள்வியைக் கேட்டாள். "பொண்ணு எந்தச் செயலி?"

"குருவி," என்றாள் கல்யாணப்பெண் நிறைமதி.

"நாங்க கூடல். தாலி ஏறின அன்னைக்கே இங்க மாறிடணும்மா. அதான வழக்கம்?"

பேசவும் செய்தி அனுப்பவும் ஆளுக்கு ஒரு செயலிதான். கூடலிலிருந்து குருவிக்கு ஒரு வார்த்தைகூடப் போகாது. கல்யாணமான தோழிகள் அம்மாவோடு பேச அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகும்வரை காத்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

"குருவியை மூடிடறேன் அத்தை. ஆனா கூடலுக்கு வரலை. எந்தச் செயலிக்கும் சேராத பொதுவழின்னு ஒண்ணு இருக்கு, அதுல முகவரி வாங்கப்போறேன். நீங்களும் எங்கம்மாவும் அதுல ஆளுக்கொண்ணு வாங்கினா போதும். எந்தக் கம்பெனியில வாங்கினாலும் ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குச் செய்தி போகும்."

"அப்புறம் நீ எங்க வீட்டுப் பொண்ணுன்னு எப்படிச் சொல்றது?" சுகிர்தாவின் முகம் கடுத்துவிட்டது.

மாப்பிள்ளை காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். சம்பந்தம் கைநழுவிவிட்டது என்றுதான் நிறைமதிக்குப் பட்டது.

கிளம்பும்போது, மற்றவர்கள் காரில் ஏறும்வரை சுகிர்தா வாசலில் செருப்பைத் தேடுவதுபோல் நின்றாள். பிறகு நிறைமதியை அருகே அழைத்தாள்.

"என் தங்கச்சி மஸ்கட்ல இருக்கா. அவளும் குருவிதான்," என்றாள் தணிந்த குரலில். "எனக்குக் கல்யாணமாகி, நான் குருவியை விட்டு இருபத்தேழு வருஷமாச்சு. நீ குருவியை மூடறதுக்கு முந்தி அவளுக்கு ஒரு வரி போடேன். அவளையும் ஒரு முகவரி வாங்கச் சொல்லும்மா."