டப்பாவில் ஒரு துளை

தோள்பட்டை ஆபரேஷன் ஆனவர் ஏர் ரைஃபிளைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குழலை மடக்கி உள்ளே ஸ்பிரிங்கை இறுக்கி, குண்டை வைத்து, மனைவி மதில்மேல் வைத்துவிட்டு வந்த தகர டப்பாவைச் சுட்டார். விழுந்தது.

“போய் எடுத்துட்டு வா!”

எடுத்து வந்தாள். டப்பாவில் துளை.

“பாத்தியா? முன்னெல்லாம் குழலை மடக்கறதுக்குள்ள நாக்கு தள்ளும். இப்ப பூ மாதிரி மடங்குது. கடையில இதைவிட பவரானது வந்திருக்காம், வாங்கப் போறேன்.”

“தாராளமா வாங்குங்க.”

சண்டைக்குத் தயாராக இருந்தவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் அவள் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, அவரு வர்றாரு. பழசுல மாத்தின மாதிரி புதுசுலயும் லேசான ஸ்பிரிங்கைப் போட்டுடுங்க.”

“போட்டுடலாம்மா. ஆனா அந்த ஸ்பிரிங்குல குண்டு டப்பாவைத் துளைக்காதே. கண்டுபிடிச்சுட மாட்டாரா?”

“அது என் பாடுண்ணே” என்று போனை வைத்தவள், நாளைக்கான டப்பாவோடு ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.