வாசற்சுவரில் ஒரு கை

கோட்டையின் பழைய வாசலுக்குப் பூச்சுவேலை நடந்தபோது, சாரத்திலிருந்து இறங்கும்போது கால் வழுக்கிய சித்தாள் செங்கமலம் ஈரச் சுண்ணாம்பில் கையை ஊன்றிவிட்டாள். தடம் காய்வதற்குள் கதை முளைத்துவிட்டது. வாசல் சரியாமல் நிற்பதற்காக உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டிய ராணியின் கையாம் அது. குங்குமம் அப்பினார்கள், வளையல் சாத்தினார்கள். செங்கமலத்துக்குப் பொறுக்கவில்லை.

"அட, அது என் கைங்க. நீங்களே பாருங்க!"

கூட்டத்தை விலக்கிப் போய்த் தடத்தில் கையை வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது. பெண்கள் அவள் காலில் விழுந்தார்கள்.

"இந்த மழையில வாசல் விரிசல் விட்டிருச்சு, தாயி. நல்ல நேரத்துலதான் திரும்பி வந்திருக்கே" என்றார் கற்பூரம் காட்டியவர்.

கையை எடுக்கப் பார்த்தாள். யாரோ மணிக்கட்டைப் பிடித்திருந்தார்கள், பணிவாகத்தான். முதுகுக்குப் பின்னால் சுண்ணாம்பு குழைக்கும் சத்தம் கேட்டது.