வருகைக் குறைவு

"முடியாது, நாகேஷ் சார். அந்தப் பையன் இந்தத் தடவை பரீட்சை எழுத முடியாது."

வீணா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முப்பது வயது தாண்டவில்லை, அதற்குள் துணைப் பதிவாளர். இளைஞர்களைத் தலைமைக்குக் கொண்டுவருகிறோம் என்று பல்கலைக்கழகமே மாதக் கணக்கில் பயிற்சி கொடுத்து, அத்திபெலே கிளையிலிருந்து போன வாரம்தான் இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது.

அலுவலகக் கண்காணிப்பாளர் நாகேஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வருகை குறைந்த பிள்ளைகளுக்கெல்லாம் விலக்கு கொடுத்துக் கையெழுத்துப் போட்டவள்தானே இவள்? கிரிக்கெட் ஆடப் போனவனுக்கு உண்டு, டான்ஸ் ஒத்திகைக்குப் போனவளுக்கு உண்டு. அம்மாவுக்குப் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்த தருணுக்கு மட்டும் கிடையாதா? நல்ல நியாயம்!

பொறுமையாகத்தான் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அந்தம்மா போய்ச் சேர்ந்தே இரண்டு மாதம்தான் ஆகிறது, பையனுக்கு மொட்டையடித்த தலையில் இன்னும் முடிகூடச் சரியாக வளரவில்லை, பரீட்சை எழுதாவிட்டால் கேம்பஸில் கிடைத்த வேலையும் கைவிட்டுப் போய்விடும் என்றெல்லாம் சொன்னார்.

"அடுத்ததை எடுங்க, சார்."

அவருக்கு வாய் அடங்கவில்லை.

"தலைவலியும் வயித்துவலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும், மேடம். பெத்தவளைப் பறிகொடுத்தவங்களைக் கேட்டுப் பாருங்க."

 வீணா எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள். நன்றாக உறைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே நாகேஷ் வெளியே வந்தார்.

வராந்தா பெஞ்சில் தருண் காத்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். சண்டை போட்டிருந்தாலாவது தேவலை என்றிருந்தது நாகேஷுக்கு. 

வா, நேரே துணைவேந்தரிடமே போவோம், நான் பேசுகிறேன் என்றார். பதவி வந்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஈவிரக்கமே இல்லாமல் போய்விடுகிறது என்றும் திட்டித் தீர்த்தார்.

"அவங்களைத் திட்டாதீங்க, சார்."

தருண் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மேலே பேசினான்.

"வீணா மேடம் என்கூடப் பிறந்த அக்கா, சார். கையெழுத்துப் போட்டா, தம்பிக்குச் சலுகை காட்டினாங்கன்னு நாளைக்கே பேச்சு வரும்."

நாகேஷ் வீணாவின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். தருண் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பயிற்சிக்கு ஒரு நாள் லீவு போட்டாலும் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடுவாங்கன்னு அக்கா அழுதாங்க. நீ போக்கா, அம்மாவை நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு, அவங்க அந்த நாற்காலிக்கு வரணும்னுதான் சார், நான் காலேஜுக்கே வரலை."