எழுபத்திரண்டு மணி நேரம்

"ஐயோ… செத்தேன்!" என்று ஓடெல் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கழிவறையிலிருந்து அவனைத் தோளில் தாங்கிக் கூட்டி வந்து சோபாவில் சாய்த்தாள் அவன் மனைவி வெர்லீன். வலது கால் முழங்காலுக்குக் கீழே பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது.

"யோவ், ஆஸ்பத்திரி அஞ்சு நிமிஷத்துல இருக்கு. வீம்பு பண்ணாம கிளம்புய்யா."

"மணி என்ன?"

"பதினொண்ணு."

"இன்னும் அஞ்சு மணி நேரம்தானே? நாலு அடிக்கட்டும், நானே நொண்டிக்கிட்டு வர்றேன்."

மூன்று நாளைக்கு முன், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, பியூமான்ட் ஊர் எல்லையில் ஒரு சரக்கு வேன்காரன் சிவப்பு விளக்கை மதிக்காமல் வந்து இவர்கள் டிரக்கின் மூக்கில் மோதினான். ஓட்டிக்கொண்டிருந்த ஓடெலின் கால் பிரேக்கடியில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த வெர்லீன் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

"ரெண்டு பேரும் ஏறுங்க, எதுக்கும் பார்த்துடலாம்" என்று ஆம்புலன்ஸ்காரர்கள் கூப்பிட்டார்கள். "வேணாம், வெறும் சுளுக்குத்தான்" என்று கையெழுத்துப் போட்டு அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டான் ஓடெல் மகாராசன்.

காரணம், பெரியப்பா மகன் கிளோவிஸ். போன வருஷம் அவனுக்கு விபத்தில் நாற்பதாயிரம் டாலர் நஷ்ட ஈடு வந்தது. ஆஸ்பத்திரி எடுத்தது போக, ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கத்தான் மிச்சம்.

"இந்த டெக்சாஸ்ல விபத்து நடந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரியில சேர்ந்தா போச்சு" என்று அப்போதே கிளோவிஸ் போனில் ஓதியிருந்தான். "உன் நஷ்ட ஈட்டு மேல முதல் உரிமை ஆஸ்பத்திரிக்குத்தான்னு கோர்ட்டு ஆபீஸ்ல எழுதி வெச்சிடுவாங்க. அந்தக் கெடு தாண்டிப் போனா செக்குல கை வைக்க முடியாது. பில்லை மெதுவா தவணையில கட்டிக்கோ."

ஓடெலுக்கு டிரக்தான் பிழைப்பு. வெல்டிங் சாமானை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனால்தான் அடுப்பு எரியும். வேன்காரனின் இன்சூரன்ஸ் தருவது முப்பதாயிரம். அதை விட்டால் இன்னொரு டிரக் இந்த ஜென்மத்தில் இல்லை.

மத்தியானம் வெர்லீன் இறால் கம்போக் குழம்பைச் சுடவைத்துச் சோற்றில் ஊற்றிக் கொடுத்தாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

"நீ சாப்பிடலை?"

"வயிறு கல்லு மாதிரி இருக்கு. இந்த இடது தோள் வேற விண்விண்ணுன்னு தெறிக்குது. மூணு நாளா உன்னைத் தாங்குறேனே, நீ என்ன பூவா?"

"இரும்போட மல்லுக்கட்டுற உடம்புடி!"

"ஆமா, கொழுப்பு. கொஞ்சம் படுக்கறேன், நாலு மணிக்கு எழுப்பு."

அவளைப் பார்க்கவே ஓடெலுக்குச் சங்கடமாக இருந்தது. கட்டிய நாளிலிருந்து அவளை நிம்மதியாக உட்காரவைத்து ஒரு நாள் சோறு போட்டதில்லை. டிரக் வரட்டும், அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகணும் என்று நினைத்துக்கொண்டான். வலி மாத்திரையை இரண்டிரண்டாக விழுங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

நாலே கால் ஆனது. கெடு தாண்டியாயிற்று.

"ஜெயிச்சுட்டோம்டி!" என்று சுவரைப் பிடித்துப் பிடித்துப் படுக்கையறைக்குப் போனான். "எழுந்திரு, பக்கத்து வீட்டுக் காரை இரவல் கேளு, போகலாம்!"

அவள் எழுந்திருக்கவில்லை. உதடு வெளுத்திருந்தது. கன்னத்தைத் தட்டினான், சில்லென்று இருந்தது. ஓடெல் அலறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான்.

ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் போராடிக் களைத்த டாக்டரம்மா வெளியே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. மோதின வேகத்துல பெல்ட் அழுத்தினது. மூணு நாளா உள்ளேயே ரத்தம் கசிஞ்சிருக்கு. அன்னிக்கே வந்திருந்தா காப்பாத்தியிருப்போம்… மன்னிச்சுடுங்க, போயிட்டாங்க."

ஓடெல் தன் வீங்கிய காலையே வெறித்துப் பார்த்தான்.

"அடிபட்டது எனக்குத்தானே, டாக்டர்?"