சாஃப்ட்வேர் மேடம்

கஸ்டமர் கேரில் வேறு யார் பேசினாலும் போனை வைத்து வைத்து, கடைசியில் அந்தப் பெண் குரலைப் பிடித்துவிட்டான் அவன்.

“மேடம், புது இன்டர்நெட் கனெக்‌ஷன். உங்க கம்பெனி சாஃப்ட்வேர் இல்லாம ஓடாதா?”

“ஓடாது சார். அதைப் போட்டே ஆகணும்.”

“பழைய கனெக்‌ஷனுக்கு அதைப் போட்டு, கம்ப்யூட்டர் ஆமையா நகர்ந்துச்சு. ராத்திரிக்குள்ள ஆபீஸ் ஃபைல் அனுப்பணும். மோடத்துலேயே நேரா செட் பண்ணலாமாமே?”

“அப்படி எதுவும் இல்ல சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

“கொஞ்சம் மனசாட்சி வேணும் மேடம்!”

“நன்றி சார். இந்த நாள் இனிதாக அமையட்டும்.”

மாலையில் வீட்டுக்கு வந்த மனைவி, கைப்பையைக் கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பிரவுசரில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து, யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் தட்டினாள். மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

“அடிப்பாவி, இவ்வளவுதானா? இதை மத்தியானம் போன்லயே சொல்லியிருக்கலாமே மேடம்!”

“பேசறது எல்லாம் ரெக்கார்ட் ஆகுதுங்க. சொல்லியிருந்தா, நாளையிலேர்ந்து நானும் வீட்டுலதான். சரி, எங்க சர்வீஸ் எப்படின்னு கேட்டு உங்களுக்கு மெசேஜ் வந்திருக்குமே, மறக்காம அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க.”

அவன் திருதிருவென விழித்தான்.

“அது... கோபத்துல அப்பவே ஒண்ணு போட்டுட்டேன்.”