ஓனர் கொடுத்தால்

“பொங்கலுக்காவது ஆளுங்களுக்குக் கூலி கொடுக்கணும் சார்” என்றார் டைல்ஸ் சப்-கான்ட்ராக்டர் வேதாச்சலம்.

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் அலுவலகத்தில் கான்ட்ராக்டர் ஜெய்ராம் ஒப்பந்தத்தை நினைவூட்டினார். “பில்டிங் ஓனர் எனக்குக் கொடுத்தாத்தான் நான் உங்களுக்குக் கொடுக்கணும். கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

“தெரியும் சார். அவர் கொடுக்காம நீங்களும்தானே கஷ்டப்படறீங்க? உங்களுக்குச் சீக்கிரம் பணம் வரணும்னு காளிகாட் காளி கோயில்ல பூஜை கொடுத்துட்டு நேரா இங்கதான் வரேன்.”

அவர் நீட்டிய பிரசாதப் பேடாவை ஜெய்ராம் சாப்பிடாமல் மேஜைமேல் வைத்தார். “உக்காருங்க” என்று உள்ளே போனவர், சிறிது நேரத்தில் செக்கோடு வந்தார்.

“இப்பத்தான் ஓனர் பணம் அனுப்பினார்.”

வேதாச்சலம் செக்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அம்மா கேட்டுட்டா சார்.”

ஓனர் துர்கா பூஜைக்கு முன்பே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டிருந்தார்.